டாங் மீனை நான் விற்கவில்லை

1984 ஆகஸ்ட் 14, மாலை நான்கு பத்து. கல்கத்தாவில் விடாத தூறல். பாலிகஞ்ச் வீட்டில், பவளப்பாறை வைத்த என் உப்புநீர்த் தொட்டிக்குள் ஒரு சிறிய மஞ்சள் மீனை விட்டேன். இரண்டு வருடமாக அங்கே தனியாக வாழ்ந்த நீல டாங் மீன், வாலடியிலுள்ள கத்தி போன்ற முள்ளால் புது மீனின் துடுப்பைக் கிழித்துவிட்டது.

“அந்த ரவுடியை இன்னிக்கே வித்துடுங்கோ,” என்றாள் மனைவி.

“கேட்காம ஒருத்தன் குடிவந்தா நீ சும்மா இருப்பியா?” என்றேன்.

“உங்க தம்பி பதினோரு மாசம் இங்க இருந்தாரே, நான் கிழிச்சேனா?”

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் டாங்கை விற்கவில்லை. அதன் இடத்தில் அன்னியனை விட்டது நான், தண்டனை அதற்கா? காயம்பட்ட மீனுக்குத் தனித் தொட்டி வாங்கினேன். அதுவும் பிழைத்தது. வீட்டுத் தொட்டிக்கு டாங் ஆகாது என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தொட்டி, மோட்டார், உப்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். இன்னொரு முறை இப்படி ஆனாலும் கொடுப்பேன்.