ஸ்வெட்டருக்கு மேலே வைத்த ஸ்டெத்

ஊட்டியில் மருத்துவ மாணவர்களுக்கு இதயச் சத்தம் கேட்கச் சொல்லிக்கொடுப்பதில் என் முதல் எதிரி கம்பளி ஸ்வெட்டர்தான். நோயாளிகள் அதைக் கழற்றவே மாட்டார்கள். மார்கழிக் குளிரில் ஐஸ் மாதிரி கிடக்கும் ஸ்டெத்தை நெஞ்சில் வைக்க வந்தால் யார்தான் கழற்றுவார்கள்? என் மாணவர்களும் இரக்கப்பட்டு ஸ்வெட்டருக்கு மேலாகவே வைத்துவிட்டு, எல்லாம் கேட்டதாகத் தலையாட்டுவார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

போன மார்கழியில், கட்டபெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வார்டில் இருந்தார். இதய வால்வில் ஒழுக்கு. கோயமுத்தூர் போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் இதயம் தளர்ந்துவிடும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், அவர் வீட்டுக்காரரும் கெஞ்சிப் பார்த்தார். மாத்திரையில் மூச்சுத் திணறல் அடங்கியிருந்தது. நல்லாத்தானே இருக்கிறேன், எதற்கு நெஞ்சைக் கிழிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மறுநாள் வீட்டுக்குப் போகப் பையைக்கூடக் கட்டிவிட்டார்.

அன்று காலை வகுப்பை அவர் சம்மதத்தோடு அவர் கட்டிலருகே வைத்தேன். நான்கு பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுவிட்டு, துடிப்புகளுக்கு நடுவே வரும் ஊதல் சத்தம் நன்றாகவே கேட்பதாகச் சொன்னார்கள். கடைசியாக வந்த கோபிச்செட்டிபாளையத்து மாணவி வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"எனக்கு ஸ்வெட்டர் உரசுற சத்தந்தானுங்க மேடம் கேக்குது."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நாலு பேரும் கேட்டது அதே கம்பளியைத்தான்! என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பையன்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டேன். அவள் ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அக்காவிடம் கேட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்குள் இடது மார்புக்குக் கீழே வைத்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அக்காவுக்கே ஆசை வந்து, அப்படி என்னதான் கேட்கிறது, எனக்கும் காட்டு என்றார்.

ஸ்டெத்தை அவர் காதில் மாட்டிவிட்டு, அவள் முதலில் தன் நெஞ்சிலேயே வைத்தாள். லப் டப், லப் டப். பிறகு அக்காவின் நெஞ்சில். அங்கே லப்புக்கும் டப்புக்கும் நடுவே புஸ்ஸென்று கேஸ் ஒழுகுவது போல ஒரு சத்தம். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி அவள் நெஞ்சில் வைக்கச் சொன்னார். மறுபடி தன் நெஞ்சில்.

ஸ்டெத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டர் பொத்தான்களை மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

"உன்னுது சுத்தமா இருக்குது கண்ணு," என்று அவள் கன்னத்தைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோயமுத்தூருக்கு எப்பங்க போகோணும்?"