சிங்கம் உலவும் புல்வெளியில் ஒரு துப்பட்டா

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கென்யாவில் நடந்தது இது. நான் அப்போது ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். வீடு ஏ.எஸ்.ராவ் நகரில், அலுவலகம் ஊரின் மறு கோடியில் ஹைடெக் சிட்டியில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். கல்யாணம் ஆகவில்லை, சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் பறவை பார்க்கப் போகும் ஒரு குழுவில் சேர்ந்தேன். அமீன்பூர் ஏரி, உஸ்மான் சாகர் என்று விடிவதற்குள் போய் நின்று, பைனாகுலர் வழியாக நாரையையும் வாத்தையும் பார்த்துவிட்டு, வழியில் இட்லி சாப்பிட்டுத் திரும்புவோம். அந்தக் குழுதான் பல மாதம் பேசிப் பேசிக் கடைசியில் கென்யாவுக்கு சஃபாரி கிளம்பியது.

மேலே போவதற்கு முன் என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியே கிளம்பினால் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. நான் படித்த பள்ளியின் கழிப்பறையில் கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது. அங்கே பழகியது. பிறகு ஆபீஸ் வண்டியில், பேகம்பேட் டிராஃபிக்கில், இன்னும் நன்றாகப் பழகியது. ஏரிக்கரையில் ஆண்கள் "இதோ வந்துடறேன்" என்று புதர்ப் பக்கம் போய்விட்டு வருவார்கள். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. நான் முதல் நாள் இரவே வாயைக் கட்டிவிடுவேன். இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்வது புரியும். ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் வண்டியில் ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். குழுவின் தலைவர் எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர்க்காரர்தான், பொதுத்துறை மின்னணு ஆலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். நல்ல மனிதர், ஆனால் பறவை என்று வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இன்னொரு பெண் செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தம்பிதான் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் தம்பிக்கு லீவு கிடைக்காததால் அக்கா வந்துவிட்டார்.

அவருக்கும் பறவைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. எதைக் காட்டினாலும் "ஹவ், சிட்டு மாதிரி அழகா இருக்கு" என்பார். நெருப்புக்கோழியைப் பார்த்தும் அதையே சொன்னார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அவருக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தோன்றும். ஆண்கள் திரும்பி முறைப்பார்கள். எனக்கும் அவர் மேல் எரிச்சல்தான். பெண்கள் இரண்டே பேர் என்பதால் ஒரே கூடாரத்தில் தங்க வேண்டியிருந்தது, அங்கேயும் பேசிக்கொண்டே இருப்பார். நான் பாதிக்கு ம் கொட்டுவேன், மீதிக்குத் தூங்கிவிட்டதுபோல் படுத்துக்கொள்வேன்.

மசாய் மாராவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மாலையே எனக்கு நீர்க்கடுப்பு ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க வெயில், புழுதி, வறண்ட காற்று. நானோ தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. எனக்கு இது புதிதல்ல. அதற்கு முந்தைய வருடம் இதே தொந்தரவு சிறுநீரகம் வரைக்கும் போய், செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறேன். இன்னொரு தடவை இப்படி வரவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டர் அப்போதே கண்டித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் மறுநாள் காலையில் வண்டியில் ஏறினேன். அன்று மத்தியானச் சாப்பாட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு நாள் முழுக்க வெளியில் இருப்பதாகத் திட்டம். வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. இடுப்பளவுப் புல்லில் சிங்கம் படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

வெயில் ஏறிய நேரத்தில் செக்ரட்டரி பறவையைக் கண்டோம். கழுகின் தலை, கொக்கின் கால், பின்னந்தலையில் காதோரம் பேனா செருகிய குமாஸ்தா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகள். தரையில் நடந்தே வேட்டையாடும். பாம்பைக் காலால் உதைத்தே கொல்லும். அந்த உதையைப் படம் எடுப்பதற்காகத்தான் தலைவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். பறவை ஓரிடத்தில் நின்று, இறக்கையை விரித்து, புல்லில் ஓங்கி மிதித்தது. "பாம்பு இருக்கு, பாம்பு இருக்கு" என்று அவர் கிசுகிசுத்தார். ஐந்து கேமராக்களும் ஒரே திசையில் திரும்பின. பறவை மிதித்தது, நின்றது, நாலடி நடந்தது, மறுபடி மிதித்தது. இப்படியே நேரம் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அடிவயிறு பிடுங்கியது. முதுகில் குளிர்ந்து வேர்த்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தேனே தவிர எதையும் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆபீசில் நாசூக்காக 'ரெஸ்ட்ரூம்' என்போம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவர்கூட இல்லை. ஐந்து ஆண்கள், ஒரு டிரைவர், எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். செத்தாலும் பரவாயில்லை, வாயைத் திறக்கப் போவதில்லை என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். இன்று நினைத்தால் பைத்தியக்காரத்தனம். அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

அப்போது போலாரம் டீச்சர் எழுந்து நின்றார். கிசுகிசுப்பெல்லாம் இல்லை, வகுப்பறைக் குரல்.

"சார், வண்டிய எடுக்கச் சொல்லுங்க. எனக்கு பாத்ரூம் போகணும்."

"மேடம், பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க, ப்ளீஸ். இப்ப போனா பறவை கலைஞ்சுடும்" என்றார் தலைவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பத்து நிமிஷமெல்லாம் நக்கோ சார். இப்ப எடுக்கலேன்னா வண்டியிலேயே ஆயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? வண்டி கிளம்பியது. பின்னால் யாரோ தெலுங்கில் முணுமுணுத்தார்கள். எனக்கு வந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. அதே சமயம், இந்த அம்மாவுக்கு வெட்கமே கிடையாதா என்றும் தோன்றியது.

புல் கட்டையாக இருந்த ஒரு திறந்த வெளிக்கு டிரைவர் கொண்டுபோனார். ஒரு சுற்று சுற்றிவந்து, கூரைத் திறப்பில் ஏறி நின்று நாலா பக்கமும் பார்த்தார். பிறகு சிரிக்காமல், பெண்கள் இறங்கி டயரைச் சோதிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். டீச்சர் என் கையைப் பிடித்து, "நீயும் வா, எனக்குத் தனியா பயமா இருக்கு" என்று இழுத்துக்கொண்டு இறங்கினார்.

வண்டிக்குப் பின்னால் போனதும் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ம், போ" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்க போகலையாக்கா?" என்றேன். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எங்க வருது? நான் கிளம்பறப்பவே போயிட்டுதான் வந்தேன். நீ போ."

நான் உட்கார்ந்தேன். நெருப்பாக எரிந்தது. அந்த நேரம் பார்த்து டிரைவர் கூரையில் மெல்லத் தட்டி, சீக்கிரம் என்றார். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் முகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. துப்பட்டா காற்றில் படபடத்தது, அதன் ஓரங்களை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் நகரவில்லை.

"அவசரப்படாதே. முழுசா போ. நான் நிக்கிறேன்ல."

புல்லுக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. என்னை முதலில் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏறினார். ஏறியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்: "கைக்குமா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறே? வந்த நாள்லேருந்து உன் பாட்டில் அப்படியே இருக்கு. காலைலேருந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டு நெளியறே." என்னைப் பற்றி அவர் ஒன்றும் கவனிப்பதில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

திரும்பிப் போனபோது பறவை இல்லை. போதாக்குறைக்கு, எங்களுக்குப் பிறகு அங்கே வந்து நின்ற வேறொரு வண்டிக்காரர்கள் மாலையில் முகாமில் படத்தைக் காட்டினார்கள். தூக்கிய கால், கீழே சுருண்ட பாம்பு, எல்லாம் துல்லியமாக. தலைவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில், "மேடம் புண்ணியத்துல பாம்பு நமக்கு இல்லாம போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்து, "ஹவ் சார், என்ன பண்றது, வயசாச்சு" என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அவங்களுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான் அவசரம். நேத்துலேருந்து நீர்க்கடுப்பு. உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். அதனால அவங்க தனக்குன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். தலைவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்துபோய் முகாம் மேலாளரைப் பிடித்து, பக்கத்து விடுதியிலிருந்த டாக்டரிடம் என்னை அனுப்பிவைத்தார். மறுநாளிலிருந்து வண்டி கிளம்புவதற்கு முன் எங்கெங்கே நிறுத்த முடியும் என்று டிரைவரிடம் சத்தமாகக் கேட்டுவைத்துக்கொள்வார். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பெட்டி வரும்வரை அந்தப் படம் போன கதையைப் புலம்பிக்கொண்டேதான் இருந்தார்.

டீச்சரும் நானும் அதற்குப் பிறகு நெருங்கிய தோழிகளாகிவிட்டோம் என்றெல்லாம் இல்லை. போலாரம் பக்கம் போனபோது இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். இப்போதும் நிறையப் பேசுகிறார், இப்போதும் நான் பாதிக்குத்தான் ம் கொட்டுகிறேன்.

ஆனால் குழுவாக எங்கே போனாலும், ஸ்ரீசைலம் போகும் ஆபீஸ் பஸ்ஸானாலும் சரி, எழுந்து நின்று "எனக்கு பாத்ரூம் போகணும், வண்டிய நிறுத்துங்க" என்று முதலில் கத்துவது நான்தான். பெரும்பாலும் எனக்குத் தேவையே இருக்காது. வண்டி நின்றதும் என் பின்னாலேயே இரண்டு மூன்று பெண்கள், என் முகத்தைப் பார்க்காமல் இறங்குவார்கள். அவர்கள் முகம் தெளிந்து திரும்பி ஏறும்போதெல்லாம், எனக்காகக் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பயந்தாலும் நகராமல் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.