எஃப்8 அழுத்தினால் எங்கே போய் விழும்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் ஷெட்டில் என் மேல் பழி விழுந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பொத்தான். கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்8. அதை அப்படிப் பழக்கி வைத்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

ஒன்பதாவதோடு எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. அப்புறம் ஓசூர், திருப்பூர், வேப்பூர் ரோட்டு ஓட்டல் என்று எங்கும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. திருப்பூரில் பேக்கிங் ஆபீசில் கிடந்தபோது போனில் வீடியோ பார்த்து ஒரு வித்தை கற்றேன். சின்னதாக ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் போதும், ஒரு பொத்தானைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஒரு வரியைத் தானே அடித்துவிடும். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான்.

இந்த ஷெட்டை நடத்தியவர் ஓர் அக்கா. கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர் செய்தோம். சொந்தச் சூளை கிடையாது. சின்ன ஷெட்காரர்கள் சேர்ந்து ஒரே சூளையில் முறை வைத்து வேகவைப்பார்கள். யாருக்கு எந்த நாள், சரக்கைத் தட்டுத் தட்டாக அடுக்கிச் சூளைக்குள் தள்ளும் வண்டியில் யாருக்கு எத்தனை தட்டு என்பதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்தான் முடிவாகும்.

வெந்து வந்த சரக்கைத் தரம் பார்க்க ஓர் அம்மா இருந்தார். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். நல்லதை நான் வலது கையால் வாங்கிப் பெட்டியில் அடுக்குவேன். "மொத்து" என்று அவர் குரல் கொடுத்தால் இடது கையால் எஃப்8. கம்ப்யூட்டரில் இருக்கும் ஷீட்டில் "விரிசல், தள்ளு" என்று விழுந்து, என்டரும் தானே தட்டப்பட்டு, கர்சர் அடுத்த வரிக்குப் போய்விடும். திரையை நான் பார்ப்பதே இல்லை. காது ஒன்று போதும்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா வந்து அதே கம்ப்யூட்டரில் குரூப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். மண் லாரி வந்த சத்தம் கேட்டு அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார். குரூப்பில் கடைசியாக இருந்தது ஒரு போட்டோ, நாங்கள் பாய் என்று கூப்பிடும் இன்னொரு ஷெட்காரர் அனுப்பியது. அவருடைய புதுச் சரக்கு, "நம்ம சரக்கு எப்படி?" என்ற கேள்வியோடு. அதற்குக் கீழே, எங்கள் ஷெட் பெயரில், ஏழு தடவை: "விரிசல், தள்ளு."

அக்கா போனும் கையுமாக வந்தார்.

"பாய் கத்துறாரு. என் சரக்கத் தள்ளச் சொல்ல நீங்க யாருங்கறாரு. ஒரு தபா சொன்னாலும் பரவால்ல. ஏழு தபாவா?"

"நான் சொல்லலக்கா. மெசினு சொல்லுச்சு."

"மெசினுக்கு அவரு மேல என்ன கோவம்?"

"நோட்டுல கோடு போடுப்பான்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார் தரம் பார்க்கும் அம்மா, தட்டுவதை நிறுத்தாமல்.

அவசரத்தில் ஏழு மெசேஜையும் அழித்தேன். அது இன்னும் கெட்டது. அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது என்று ஏழு அடையாளம் நின்றன. அப்போதுவரை பார்க்காதவர்களெல்லாம் நாங்கள் பாயை என்னவோ அசிங்கமாகத் திட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பாயின் முறை. தன் வண்டியில் பாதியை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது போனால் அடுத்த முறைக்குப் பத்து நாள். வேப்பூர் எலெக்ட்ரிக் கடைக்கோ சனிக்கிழமை சரக்கு போயாக வேண்டும். இல்லையென்றால் இனிமேல் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதாக அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு இருந்த ஒரே பெரிய கடை அது.

உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். பிரவுசர் முன்னால் இருந்தால் மட்டும் எஃப்8 வேலை செய்யட்டும் என்று எழுதினேன். சரியாகத்தான் பட்டது. மத்தியானம் பாயே பைக்கில் வந்து இறங்கினார்.

"எங்க அந்த மெசினு? என் முன்னாடி சொல்லச் சொல்லு பாப்பம்."

"இனிமே சொல்லாது பாய்," என்று குரூப்பைத் திறந்து வைத்து எஃப்8 தட்டினேன். அவர் சட்டைப் பையில் போன் கத்தியது.

எடுத்துப் பார்த்தார். "எட்டாவது தபா."

எங்கள் ஷீட் திறப்பதும் பிரவுசரில்தான், வாட்ஸ்அப் திறப்பதும் பிரவுசரில்தான். இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்கு எட்டவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். பாய் வாசலை மறித்து நின்றார்.

மறுபடி உட்கார்ந்தேன். திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒரு தலைப்பு இருக்கும். எங்கள் ஷீட்டின் பெயர் 'தரம்'. முன்னால் நிற்கும் ஜன்னலின் தலைப்பில் அந்தப் பெயர் இருந்தால் ஒழிய அசையக் கூடாது என்று மாற்றினேன். குரூப்பைத் திறந்து தட்டினேன். பாயின் போன் கத்தவில்லை. அவரே ஐந்தாறு தடவை ஓங்கிக் குத்தினார். ஒன்றும் வரவில்லை. ஷீட்டுக்குப் போய்க் குத்தினார், வரிவரியாக விழுந்தது.

"அது சரி தம்பி. குரூப்புல அத்தினி பேரும் பாத்துட்டாங்களே, அதுக்கு என்னா பண்ணுவ?"

"மன்னிப்பு கேட்டு நானே போடறேன் பாய்," என்றார் அக்கா.

"எழுத்த எவன் நம்புவான்? இப்ப எழுத்துன்னாலே உங்க மெசினு எழுதுனதும்பாங்க." பைக் பெட்டியிலிருந்து தன் சரக்கில் இரண்டை எடுத்து வந்து தரம் பார்க்கும் அம்மாவிடம் நீட்டினார். "தட்டுங்க. சத்தத்த அனுப்புவோம்."

அக்கா போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மொத்தென்று கேட்டால் எங்கள் கதை அங்கேயே முடிந்தது. அந்த அம்மா பொய்யாகத் தட்டத் தெரியாதவர். புடவைத் தலைப்பில் இரண்டையும் துடைத்தார், ஒன்றை நுனியில் இரண்டு விரலால் தொங்கவிட்டாற்போல் பிடித்தார், தட்டினார்.

கணீர்.

"விரிசல் இல்ல," என்று போனுக்குள் சொன்னார். "இருந்தா சொல்லியிருப்பேன்."

குரூப்பில் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள். பாய் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பைக்கைக் கிளப்பினார்.

"வியாழக்கிழம காலைல ஆறு மணிக்கு வந்துடு தம்பி. வண்டியில ஏத்தறதுக்குக் கைதான் வேணும், பொத்தான் இல்ல. பாதி தரேன். ஆனா கீழ்த் தட்டுதான்."

கீழ்த் தட்டில் சூடு சரியாக ஏறாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.