அக்கா வயிற்றில் கட்டிய வேட்டித்துணி

எங்கள் அம்மாவுக்கு மனித உடம்பைப் பற்றித் தெரியாதது என்று ஒன்றுமே கிடையாது. தெரிந்ததில் பாதிக்கு மேல் தப்பு என்பது வேறு விஷயம். மீன் தின்ற அன்றைக்கு மோர் குடித்தால் உடம்பெல்லாம் வெள்ளை படரும். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது அதோடு வளர்த்தியை நிறுத்திவிடும். ஓடிவந்த சூட்டில் தண்ணீர் குடித்தால் ஈரல் வெந்துபோகும். நானே ஒருமுறை புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, தளிர் ஏதும் தட்டுப்படுகிறதா என்று இரண்டு நாள் தொப்புளைத் தடவிக்கொண்டு அலைந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. அம்மா கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. வயசுக்கு வந்த பெண் ஓடக் கூடாது. ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் பிள்ளை தங்காது. இதை அம்மா பைபிள் வசனத்தைச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் அக்காவுக்கு ஓடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. கடைக்கு அனுப்பினாலும் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போனாலும் ஓட்டம். பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆளில்லை. ஒன்பதாம் வகுப்பில் வயசுக்கு வந்தாள். அன்றோடு சரி. டிரில் பீரியடில் அவள் மட்டும் மரத்தடியில் உட்கார வேண்டும் என்று அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அக்கா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். பத்து வயதுத் தங்கச்சியான எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வீட்டில் என் பேச்சுக்குப் போட்டி இல்லை.

தாலுகா ஸ்போர்ட்ஸ் நெருங்கியபோது டிரில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். எண்ணூறு மீட்டரில் இவளை விட்டால் ஆளே இல்லை, பயப்படாதிய, ஒண்ணும் ஆகாது என்று மன்றாடிப் பார்த்தார். அம்மா மரியாதையாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

“நீங்க படிச்சவிய, சொல்லுதது சரியா இருக்கும் டீச்சர். நாளைக்கு அவளுக்குப் பிள்ளை இல்லன்னா, அவ மாமியாருக்கு நீங்களா வந்து பதில் சொல்லுவிய?”

டீச்சர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் கிளார்க். ஊர்ப்பட்ட விவகாரங்களுக்கெல்லாம் பைல் போடுகிறவர், இந்த ஒரு பைலை மட்டும் தொடவே மாட்டேன் என்று இருந்துவிட்டார்.

அந்த அப்பாதான் மறுநாள் காலையில் சோற்றுத் தூக்குச்சட்டியை மறந்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அம்மா அதைப் பார்த்துவிட்டு ‘அய்யய்யோ’ என்று வாய் திறப்பதற்குள் அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். தாவணியை இடுப்பில் சுற்றிச் செருகியதுதான் தெரியும். தெருக்கோடி தாண்டி மெயின் ரோட்டில் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஓடி, பக்கத்தில் ஓடி, ஜன்னல் வழியாக அப்பா கையில் சட்டியைக் கொடுத்தேவிட்டாள். குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று அப்பா சாயங்காலம் வந்து சொன்னார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மாவும் நானும். இன்றைக்கு அக்காவுக்கு முதுகு பழுத்தது என்று எனக்கு உள்ளூரக் குஷி. அக்கா திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, பல்லெல்லாம் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அம்மா அவளையே பார்த்தாள். அப்படியே உள்ளே போனாள்.

மறுநாள் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நீளவாக்கில் கிழித்து மூன்றாக மடித்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு கட்டுவார்களே, அந்தக் கணக்கு. இறங்குகிற பையை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம்.

“இதக் கெட்டிக்கிட்டு ஓடுதியாட்டி? ஓடுதேன்னா போ. இல்லன்னா வேண்டாம்.”

அக்கா தலையை எவ்வளவு வேகமாக ஆட்டினாள் தெரியுமா! கழுத்து கழன்றுவிடும் போல.

போட்டி எங்கள் ஊர் ஹைஸ்கூல் மைதானத்திலேயே நடந்தது. அம்மா குடையும் கையுமாக வந்துவிட்டாள். வகுப்பறைக்குள் கூட்டிப்போய், பாவாடைக்கு மேலே, சட்டைக்கு உள்ளே, சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அக்கா முதுகில் முழங்காலைக் கொடுத்து முடிச்சுப் போட்டாள். “மூச்சு விட முடியலம்மா” என்றாள் அக்கா. “அதெல்லாம் ஓடி முடிச்சிட்டு விட்டுக்கலாம்” என்றாள் அம்மா.

மைதானத்தை நாலு சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே அக்கா பின்தங்கினாள். இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பின்னால் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அவளும் நொண்டிக்கொண்டு வந்தாள். அக்காவின் முகம் கறுத்து, வாய் பிளந்து, பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. போதாக்குறைக்குத் துணி நெகிழ்ந்து, ஒரு முனை சட்டைக்குக் கீழே நழுவிப் பின்னால் தொங்கத் தொடங்கியது. “ஏலே, வால் முளைச்சிருக்கு பாருங்கல!” என்று ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. என்னத்தை மறைக்க, நானும் சிரித்தேன்.

மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வந்தபோது அக்கா அந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். ஒரு இழு இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். இழுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

அம்மா குடையை மடக்கினாள். சுண்ணாம்புக் கோடு வரைக்கும் போனாள். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டதையும், உதடு “ஏசப்பா” என்று அசைந்ததையும் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அப்புறம் அந்தச் சத்தம். அம்மாவுக்கு அப்படியொரு தொண்டை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

“அவுத்துப் போட்டுட்டு ஓடு மக்கா! ஓடு!”

அக்கா உருவி எறிந்தாள். எறிந்துவிட்டு ஓடினாள் பாருங்கள், அப்பப்பா! ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். சிரித்தவன் வாய் அப்படியே நின்றுபோனது. இன்னும் பத்தடி தூரம் இருந்திருந்தால் முதல் இடமும் அவளுக்குத்தான். இரண்டாவதாக வந்தாள். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அம்மா அதற்குள் மண்ணில் கிடந்த துணியை எடுத்து உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. ஊர் சிரித்ததில் வெட்கம் என்று நினைத்தேன். டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் “வயிறு வலிக்கா? கீழ இழுக்குதா?” என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த ஒரு மாதம் அக்காவுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும்தான். ஜெயித்ததற்கு விருந்து என்று நினைத்து, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று சண்டை போட்டேன்.

அம்மா அன்றைக்கு எல்லா மூடநம்பிக்கையையும் துணியோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டாள் என்றுதான் கல்லூரியில் தோழிகளிடம் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் பிள்ளை இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்பார்கள், அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நாலாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் வந்து சொன்னதும் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பேரன் இல்லை என்றா இந்த அழுகை என்று கேலி செய்தேன்.

“போடி அங்கிட்டு. அன்னைக்கு அந்தத் துணிய அவுத்துப் போடச் சொன்னது நாந்தான? பெத்த பிள்ளை வயித்த நானே கெடுத்துட்டனோன்னு இத்தன வருசமா செத்துக்கிட்டுல்லா இருந்தேன்.”

அந்த மைதானத்தில் அம்மா எதையும் தூக்கி எறிந்திருக்கவில்லை. பை இறங்கிவிடும், இவளுக்குப் பிள்ளை பிறக்காது, அந்தப் பாவம் தன் தலையில்தான் என்று முழுசாக நம்பிக்கொண்டேதான், சுண்ணாம்புக் கோட்டில் நின்று அக்காவை ஓடு என்று கத்தியிருக்கிறாள்.