நித்திரை கொண்டவரைப் பற்றிய சண்டை

யுத்தம் முடிந்து, கடலில் நேவியின் கெடுபிடி குறைந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் சமாதானம் வந்தது. அதோடு என்னுடைய நிம்மதி போய்விட்டது.

என் கணவர் கற்பிட்டிக் கடலில் மீன் பிடிப்பவர். காற்று கொஞ்சம் மாறினாலும் முன்பெல்லாம் அவர் முகம் கறுத்துப்போகும். அந்த வருடம் கோவில் மண்டபத்தில் தொடங்கிய செபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். குடியை விட்டார், கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு பயத்தையும் விட்டார். அதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

கூட்டத்தை நடத்தியவர் ஒரு கருவாட்டு முதலாளி. நல்ல மனிதர்தான், ஆனால் கடலை அவர் கருவாடாகத்தான் கண்டிருக்கிறார். புயலில் இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்து நித்திரை கொண்ட இடம்தான் அவருக்குப் பிடித்த வாசகம். அதுதான் விசுவாசியின் சமாதானம் என்பார். என் கணவர் தலையாட்டிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு வந்து, மீனவர் சங்கத்தில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டார். ரேடியோவில் காலநிலை சொல்லும்போது நிறுத்திவிடுவார்.

"ஜாக்கெட்டைப் போடுங்க. போட்டா ஆண்டவர் கோவிச்சுக்கொள்ளுவாரா?"

"போட்டா என்ட நம்பிக்கை அதில போயிடும்."

"அவர் எழும்பிக் காத்தை அதட்டினவர். நீங்க அதட்டுவீங்களா?"

அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. குடித்துவிட்டு வந்தவரோடு நான் சரிக்குச் சரி நின்றவள். சமாதானமாக இருக்கிற மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? உனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லிவிட்டு, போட்டில் ஏறிக் கடலுக்குப் போய்விடுவார். அவர் படாத பயத்தையெல்லாம் வீட்டில் இருந்து நான் பட்டேன்.

ஒருநாள் அந்த வாசகத்தை நானே எடுத்துப் படித்தேன். சீடர்கள் இயேசுவைத் தட்டி எழுப்புகிறார்கள். நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். அவர்களில் சிலர் கடலே தொழிலாக இருந்தவர்கள். பிறகு அவர் அவர்களைக் கடிந்துகொண்டார் என்பது உண்மைதான். ஆனால் முதலில் எழும்பினார். இதைச் சொன்னபோதும் என் கணவர் சிரித்தார்.

வாடைக் காலத்தில் ஒருநாள், அவரும் அவரோடு தொழிலுக்குப் போகும் என் தம்பியும் விடிய முன் போனார்கள். மதியத்துக்குள் காற்று பேய்க்காற்றாகிவிட்டது. மற்றப் போட்டுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, எங்களுடையதைத் தவிர. நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடற்கரையில் போய் நின்றேன். அதை வைத்துக்கொண்டு கரையில் என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கடவுள்மேல் வந்த கோபத்தைவிட அந்த முதலாளிமேல் எனக்கு அதிகம் கோபம் வந்தது.

பொழுது சாயும் நேரம் முஸ்லிம் ஆட்களின் போட் ஒன்று இரண்டு பேரையும் கொண்டுவந்து இறக்கியது. எங்கள் போட் கவிழ்ந்து, அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். என் கணவருக்குக் குரலே வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முதலாளி அவரை முன்னால் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த நேரம் ஆண்டவர் உங்களுக்குத் தந்த சமாதானத்தை எல்லாருக்கும் சொல்லுங்க."

சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லிவிட்டால் நாளைக்கும் ஜாக்கெட் கதவுக்குப் பின்னால்தான்.

"சமாதானம் ஒண்டும் இருக்கல்ல, அண்ணன்," என்றார். குரல் இன்னும் கரகரத்தது. "நான் பயந்து கத்தினன். தொண்டை கிழியக் கத்தினன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் போய்க்கொண்டிருந்த போட் திரும்பி வந்தது. கத்தாம இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் இண்டைக்கு இல்ல."

சாட்சி சொல்லி முடிந்ததும் எல்லோரும் அல்லேலூயா சொல்வதுதான் அங்கே வழக்கம். யாரும் சொல்லவில்லை. முதலாளி அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். என் கணவர் இருக்கவும் தெரியாமல், போகவும் தெரியாமல் முன்னால் நின்றார்.

அந்த மண்டபத்தில் ஒருநாளும் வாய் திறக்காத நான் எழும்பி நின்று, கோபத்தோடுதான், அல்லேலூயா என்று கத்தினேன்.