பக்கிரிசாமி விட்டுப்போன சாமான்

கிள்ளானில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக நின்ற பலகை வீடுகளில் கடைசி வீட்டில் இராஜம்மா குடியிருந்தாள். வாடகை வீடுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேறு வீடு பார்த்ததில்லை. அவள் புருஷன் பக்கிரிசாமி துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனவர், பிறகு அங்கேயே கிடங்குக் காவலாளி ஆனவர். 1977ஆம் வருடம், தைப்பூசம் முடிந்த சில நாட்களில், காலையில் பசியாறிவிட்டுக் கை கழுவப் போனவர் தொட்டி ஓரத்திலேயே விழுந்து இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது.

பக்கிரிசாமி அதிகம் பேசாதவர். சோறு ஆச்சா, மழை வரும்போல, விளக்கை அணை, இந்த அளவில்தான் அவர் பேச்சு. குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைக் குறைசொல்லும்போது இராஜம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பெருமையாகச் சொல்லவும் ஒன்றும் இருக்காது. கூட்ஸ் வண்டி போகும்போது மேசை அதிரும். அவர் ரேடியோவைக் கேட்டபடியே காப்பிக் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அவரை நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது அந்தக் கைதான்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. அக்காள் வீரம்மா செமினியில் இருந்தாள். அக்காள் புருஷன் அங்கே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துத் தருகிறோம், வேலையும் வாங்கித் தருகிறோம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் பக்கிரிசாமி, "இங்க என்னா கொறைச்சல்?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை அக்காள் புருஷன் லோரியே அனுப்பிவிட்டார். இராஜம்மா பானை சட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பக்கிரிசாமி டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்து, சமாதானம் சொல்லி, வெறும் லோரியைத் திருப்பி அனுப்பினார். அவள் அழுது தீர்த்தாள். அவள் கட்டியிருந்த மூட்டைகளை அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்து, பழைய இடத்திலேயே எடுத்துவைத்தார்.

தீபாவளிக்குக்கூட அவர் வரமாட்டார். "வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றது, நீ போய்ட்டு வா" என்பார். அவள் தனியாகப் பஸ் மாறி மாறிப் போய்த் திரும்புவாள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் அவளுக்கு அப்படியே வயதாகிப்போனது.

அவர் போன பிறகு வீடு இன்னும் வாய் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சந்திரகலா மட்டும் வருவாள். சின்ன வயசுக்காரி, புருஷன் பேக்டரி வேலைக்குப் போனதும் தேங்காய்த் துருவி கேட்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அவள் வராத நாளில் இராஜம்மா பொழுது சாயும்வரை ஒரு வார்த்தையும் பேசாமலே இருப்பாள்.

சமையற்கட்டுத் தரைப் பலகையைக் கறையான் அரித்துவிட்டது. வீட்டுக்காரர் தச்சர் தம்புசாமியை அனுப்புவதாகச் சொன்னார். அந்த வீடுகள் எல்லாம் இடுப்புயரக் கல்தூண்களின் மேல் நிற்பவை. தச்சருக்கு இடம் வேண்டுமே என்று இராஜம்மா வீட்டுக்கு அடியில் குனிந்துபோய், அங்கே கிடந்த விறகையும் துருப்பிடித்த தகரங்களையும் இழுத்துப் போட்டாள். சமையற்கட்டுக்கு நேர் கீழே, தரைச் சட்டத்தோடு சேர்த்துக் கம்பியால் கட்டிய நீளமான மூட்டை ஒன்று தொங்கியது. மேலே தார்ப்பாய், அதற்குள் சாக்கு. கம்பியைப் பாராங் கத்தியால் நெம்பி அறுத்தாள். கனம் தாங்காமல் அது மண்ணில் விழுந்தது.

உள்ளே இழுத்துவந்து பிரித்தாள். சாக்குக்குள் மெழுகுக் காகிதம். காகிதத்துக்குள் பழுப்பு நிறத்தில் கெட்டியான கிரீஸ், பாகு உறைந்ததுபோலத் தடிமனாக அப்பியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. துறைமுகத்திலிருந்து ஏதோ மிஷின் சாமான் கொண்டுவந்து மறந்திருப்பார் என்று நினைத்தாள். துடைத்துப் பார்த்தால் பழைய இரும்புக்காரனுக்காவது ஆகும்.

ஒரு பேசின் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, அவருடைய கிழிந்த கைலியை நனைத்து, ஒரு முனையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி வழிக்கவேண்டியிருந்தது. முதலில் குழாய் தெரிந்தது. கறுப்பாக, ஒரு துளி துருவில்லாமல். தண்ணீர்க் குழாய் என்று எண்ணிக்கொண்டாள். கொஞ்சம் மேலே போனதும் கிரீஸுக்கு அடியில் மரம் வந்தது. குழாய்க்கு எதற்கு மரம் என்று யோசித்தபடியே இன்னொரு பிடி வழித்தெடுத்தாள். அவள் விரல் ஒரு வளையத்துக்குள் நுழைந்து, வளைந்த சின்ன இரும்பு ஒன்றில் பட்டது.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று ரேடியோவில் கேட்டிருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அதைப் பாயில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் சந்திரகலா கதவைத் தட்டினாள்.

"என்னா ஆன்டி, கதவெல்லாம் சாத்திக்கிட்டு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒன்னுமில்ல. தலைவலி. நாளைக்கு வாயேன்."

"மண்ணெண்ணெ வாசம் வருதே?"

"மூட்டைப்பூச்சிக்கு ஊத்தினேன்."

சந்திரகலா போனதும் பாயை வெளியே இழுத்தாள். பாதி துடைத்ததை அப்படியே விட மனம் வரவில்லை. ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஆணி இடுக்குகளில் இருந்ததை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாள். மரத்தில் ஊறியிருந்தது வெந்நீர்த் துணி படப்பட வேர்வைபோலக் கசிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க மீண்டும் கசிந்தது. "எதுக்குய்யா இது? எதுக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டாள். அவர் உயிரோடு இருந்தபோது இவ்வளவு நேரம் அவரோடு பேசியதில்லை.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அந்த லோரி அவள் நினைவுக்கு வந்தது. வாசலில் கட்டிவைத்த மூட்டைகள், டிரைவருக்கு அவர் நீட்டிய தண்ணீர்ச் செம்பு, எல்லாம் வந்தன. வீட்டைப் போட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் சொன்னது வீட்டை அல்ல. இதை. இதைக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுப்போகவும் முடியாது. அவள் அக்காளிடமிருந்து பிரிந்து கிடந்தது, பேச்சுத்துணை இல்லாமல் இந்தத் தண்டவாளச் சத்தத்தைக் கேட்டே காலம் கழித்தது, எல்லாம் இந்த மூட்டைக்காக. ஈரக் கைலியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மண்ணெண்ணெய் கண்ணில் பட்டு எரிந்தது.

தம்புசாமி வந்தார். உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அக்கா, பலகை மாத்தணும்னு சொன்னாங்க."

"இன்னைக்கு வேணாம் அண்ணே."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. நான் பந்திங்ல இருந்து மோட்டார்ல வரேன்லா."

"வேணாம்னா போங்களேன்!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இராஜம்மா கதவில் சாய்ந்து நின்றாள். கடைக்குப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. கோயிலுக்கும் போகவில்லை. யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுகிறாள். இப்படியே இருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் தானும் பேச்சை நிறுத்திவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் அவளைத் தூக்கைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அடுத்த நாள் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வெறுங்கையோடு போலீஸ் பாலாய்க்கு நடந்தாள். முன் மேசையில் ராதாகிருஷ்ணன் என்ற கார்ப்பரல் இருந்தார். தமிழ்க்காரர் என்று கண்டதும் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னா ஆன்டி, என்னா விஷயம்?"

"என் வீட்டுல துப்பாக்கி இருக்குய்யா. என்னோடது இல்ல. செத்துப்போன எங்க வீட்டுக்காரரோடது. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

ஜீப்பில் வந்தார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். துப்பாக்கியை ஒருவர் தூக்கிக்கொண்டு வர, அவள் பின்னால் நடந்து ஜீப்பில் ஏறினாள். சந்திரகலா தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றதைப் பார்த்தாள்.

சாயங்காலம்வரை கேள்விமேல் கேள்வி. யார் வந்து போவார்கள், புருஷனுக்கு யார் யார் கூட்டாளிகள், காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு பழக்கம் உண்டா. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. கூட வாழ்ந்த ஆளைப் பற்றிச் சொல்ல இத்தனை குறைவாக இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

மலாய்க்காரச் சார்ஜண்ட் துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தள்ளினார். முனையிலிருந்து பழுப்பு கிரீஸ் மெழுகுவத்திபோல நீளமாக வெளியே வந்து மேசையில் விழுந்தது. அவர் மலாயில் ஏதோ சொன்னார். ராதாகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி, இது ஒரு தடவைகூடச் சுட்டது கிடையாது. பேக்டரியில அடைச்ச கிரீஸ் உள்ளார அப்படியே இருக்கு."

"அப்படின்னா?"

"உங்க வீட்டுக்காரர் இதால யாரையும் ஒன்னும் செய்யலன்னு அர்த்தம்."

அவள் மேசையில் கிடந்த கிரீஸை விரலால் தொட்டாள். "அப்ப எதுக்குய்யா எடுத்தாரு?"

"யாருக்குத் தெரியும்? ஜப்பான்காரன் போனப்புறம் வெள்ளக்காரன் பட்டாளத்துச் சாமான் போர்ட்டுல மலைமலையா கெடந்துச்சாம். அவரு அப்ப வயசுப் பையன். ஒரு பெட்டி ஒடஞ்சிருக்கும், எடுத்துட்டாரு. பொறவு கம்யூனிஸ்ட் சண்டை, எமர்ஜென்சி வந்துடுச்சு. வச்சிருந்தா தூக்கு. கொண்டுவந்து குடுத்தா மட்டும் சும்மா விட்ருப்பானா? எங்கதான் போடுவாரு, பாவம்."

அன்று விட்டார்கள். பிறகும் சிலமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவளாகவே வந்து சொன்னதால் வழக்கு எதுவும் இல்லை என்று கடைசியில் ராதாகிருஷ்ணனே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வாசலுக்கு அதன்பின் யாரும் வரவில்லை. சந்திரகலா புதுத் துருவி வாங்கிக்கொண்டாள். குழாயடியில் இராஜம்மா குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரர், பலகையை மாற்ற வேண்டாம், முழுசாகவே இடித்துக் கட்டப்போகிறேன் என்றார். காலி பண்ணச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

செமினிக்குப் போனாள். அக்காள் புருஷன் காலமாகியிருந்தார். தோட்டத்தை விட்டு வந்து, மகன் வாங்கிய புதுக் கல்வீட்டில் வீரம்மா இருந்தாள். பின்கட்டு அறையை இராஜம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அக்காளும் தங்கையும் பேசவேண்டியது வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் வீரம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒரு சொல்லை மூன்று முறை கத்திச் சொல்லவேண்டும். கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக இராஜம்மாவிடம் எதுவும் இல்லை. இரண்டுபேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வீரம்மா தூங்கிப்போவாள்.

அக்காள் மகனோ மருமகளோ அவளை ஒரு சொல் சொன்னதில்லை. காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வருவாள், துணி மடிப்பாள், கறிவேப்பிலைச் செடி வைத்தாள். கிள்ளானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதல் திதிக்கு அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்தாள். மருமகள் இலை போட உதவிக்கொண்டே கேட்டாள், "சின்னத்த, மாமா எப்படிப்பட்டவரு? நான் பாத்ததே இல்லியே."

இராஜம்மா பாயசத்தைக் கரண்டியால் ஒருமுறை கிளறினாள்.

"பயந்த மனுசன்," என்றாள்.

மருமகள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். இராஜம்மா இலையில் வடையை வைத்து, அதன் பக்கத்தில் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள். பிறகு அக்காளை எழுப்பக் கூடத்துக்குப் போனாள்.