செல்வராசுவிடம் மறைத்த தாள்

ஒரு மனிதரின் மூச்சைக் கெடுத்தவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை... தெரிந்தே செய்தேன். ஒன்பது ஆண்டுகளாக இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் துயரத்தில் உழலும் மனிதன் அல்லன். நன்றாக உறங்குகிறேன். பசித்து உண்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்து பனி ஏறி வருவதைப் பார்த்தால் இன்றும் மனம் குளிர்கிறது. இப்படி ஒரு காரியத்தைச் செய்தவனுக்கு இத்தனை நிம்மதி எங்கிருந்து வந்தது? எனக்கே விளங்கவில்லை.

கொடைக்கானலில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். அமிலப் புட்டியைத் தொடுமுன் கண்ணாடி போட்டாயா, கையுறை எங்கே என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பேன்! நான் எப்படிப்பட்ட அறிவிலியாக நடித்தேன் என்பதை அளக்க உங்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஓர் ஆசை பிடித்தது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியின் பின்புறம் துருவேறிக் கிடந்த பழைய ஜீப்பை வாங்கி வந்தேன். அதன் கூரையை நீக்கி, பின்னால் எதிரெதிராக மரப் பலகை இருக்கைகள் அமைத்து, உலகில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு வண்டியாக ஆக்க வேண்டும்... அவ்வளவுதான் என் கனவு.

தகர வேலையும் பெயின்ட் வேலையும் செல்வராசு செய்தார். நாயுடுபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தனி ஆளாகத் தொழில் செய்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவர் கைக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் அந்த நிறத்தைப் பார்த்தேன். வெயில் பட்டால் பச்சை. பனி மூடினால் ஊதா. நம் மலைக்கென்றே செய்ததுபோல் ஒரு பெயின்ட்! மதுரையிலும் கோவையிலும் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பினாங்கில் ஒரு கடையில் இருந்தது.

“நம்மூரு பெயின்டுலயே கண்ணாடி மாதிரி அடிச்சுத் தாரேன் சார். கடல் தாண்டி எதுக்கு வரவழைக்கணும்?” என்றார் செல்வராசு. நான் கேட்கவில்லை.

தீப்பற்றும் சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கப்பலில் சென்னைக்கு வந்தது. வந்த இடத்தில் சுங்கத்தில் நின்றுபோனது. சரக்கை விடுவிக்க நான் அமர்த்திய முகவர், பெயின்டின் பாதுகாப்புத் தாளை மூன்று பிரதிகள் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார். பதினொரு பக்கங்கள், ஆங்கிலத்தில். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் அல்லன் நான். படித்தேன்...

பெயின்டை இறுகச் செய்ய அதில் ஹார்ட்னர் என்ற திரவம் ஒன்றைக் கலக்க வேண்டும். அதைத் தெளிக்கும்போது எழும் புகையைச் சுவாசித்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடக்கூடும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் தெளிக்கவே கூடாது. துணியோ சாதாரண முகக்கவசமோ போதாது. இவ்வளவும் தடித்த எழுத்தில், கட்டம் கட்டி இருந்தது. அந்தக் கட்டத்துக்கு நேர் கீழேதான் என் கையெழுத்து.

முகமூடி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். நம்புங்கள்... அப்போது என் மனத்தில் வஞ்சம் இல்லை.

சரக்கு சுங்கத்திலிருந்து வெளியேற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரித்தபோது ஹார்ட்னர் டப்பாவில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் ஒன்பதே நாள்! முகமூடிக்குக் கோவையில் விசாரித்தேன். வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அங்கேயே அந்த வசதியுள்ள ஒரு பெயின்ட் பட்டறையில் கேட்டேன். அந்த மாதம் இடமில்லை என்றார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெயின்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அவ்வளவு எளிது! ஒரு நிறம்... ஒரு வண்டியின் மேல் பூசும் ஒரு நிறம்தானே? ஆனால் அந்த டப்பாவின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்திருந்தேன். அதன் பிறகு எந்த எச்சரிக்கையும் என் காதில் ஏறவில்லை.

செல்வராசு அதுவரை தின்னர் கலந்து அடிக்கும் பழைய பெயின்டை மட்டுமே கையாண்டவர். டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த அதே பாதுகாப்புத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதுல என்ன சார் போட்டிருக்கு?”

“கலக்குற அளவுதான் போட்டிருக்கு. நான் சொல்றேன்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அளவை மட்டும் சரியாகச் சொன்னேன்! வேதியியல் தெரிந்தவன் அல்லவா...

ஈரம் பட்டால் அந்தப் பெயின்ட் கெட்டுவிடும். அதனால் பனி நுழையாதபடி கொட்டகையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் கட்டி, கதவையும் சாத்திக்கொண்டார். எப்போதும்போல ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் அடித்தார். நான் வெளியே, சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. கவனியுங்கள்... நான் உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் மாலை கண் சிவந்து, இருமிக்கொண்டே கதவைத் திறந்து, “வந்து பாருங்க சார்” என்றார். பார்த்தேன். அப்படியொரு நிறத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அழுதுவிட்டேன்.

இருமல் நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. வத்தலக்குண்டில் ஒரு மருத்துவரிடம் நானே அதே ஜீப்பில் அழைத்துப்போனேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, என்ன பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டார்.

“எப்பவும் அடிக்கிறதுதாங்க. கடைசியா ஒண்ணு மட்டும் வெளிநாட்டுச் சரக்கு, ஒசத்தியானது” என்ற செல்வராசு என் பக்கம் திரும்பினார். “அதுல கெடுதல் ஒண்ணும் இல்லைல்ல சார்?”

மருத்துவரும் என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லைங்க” என்றேன்.

முதல் பொய்யையாவது ஆசை சொல்ல வைத்தது எனலாம். இதைச் சொல்ல வைத்தது எது?

வருடக்கணக்கில் பிடித்த பீடியும் மலைக் குளிரும் சேர்ந்து செய்த வேலை என்று முடிவாயிற்று. பெயின்ட் வாடையே இனி ஆகாது என்றார் மருத்துவர். செல்வராசு தன்னைத்தானே நொந்துகொண்டார். பீடியை விடுவதாக நேர்ந்துகொண்டு, அந்த மூச்சோடு பழனிக்கு நடந்தே போய் வந்தார். நான் செய்ததற்கு அவர் பரிகாரம் செய்தார்! நான் வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

கொட்டகையைக் காலி செய்துவிட்டுப் பண்ணைக்காட்டுக்கு இறங்கிப்போனார். அவர் மனைவி பாக்கியத்துக்கு அங்கே கொஞ்சம் நிலம் இருந்தது. காப்பியும் மிளகும் வாழையும் வைத்தார்கள். அங்கே குளிர் குறைவு. இன்ஹேலர் சட்டைப்பையில் இருந்தாலும் அவருக்கு உடம்பு தேறிவிட்டது. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். “அந்தச் சோலியை விட்டது நல்லதாப் போச்சு சார், இப்பத்தான் மனுசனா இருக்கேன்” என்பார். பொய்யாகச் சொல்வதில்லை. மிளகுக் கொடியைத் தடவிக்கொண்டே அவர் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கும் தெரியும். வருகிறவர்களிடமெல்லாம் என் ஜீப்பைக் காட்டி, “என் கை வேலை” என்பார்.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் தேவாலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபம், புறணி, சோம்பல் என்று எல்லாம் சொல்கிறேன். இதைச் சொன்னதில்லை. செல்வராசுவிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர் பெருமையாக நினைக்கும் ஒரே வேலை அவருக்குக் கசந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையன்று. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்கிறதே... அதை இழக்க எனக்கு மனமில்லை.

போன மாதம் ஒரு சுற்றுலாப் பேருந்து ஜீப்பின் பக்கவாட்டில் உரசிவிட்டது. பண்ணைக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தியதும் செல்வராசு குனிந்து அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தடவினார்.

“ஒரு சாண் எடந்தான். அந்தப் பெயின்டு மிச்சம் இருக்குல்ல, ஹார்ட்னர் மட்டும் வாங்கிட்டு வாங்க, துண்டக் கட்டிக்கிட்டு நானே வெரசா அடிச்சுருவேன்.”

“வேண்டாங்க” என்றேன். “கோயம்புத்தூர்ல ஒருத்தர்ட்டச் சொல்லியாச்சு.”

அப்படி ஒருவரும் இல்லை. செல்வராசு நிமிர்ந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“என் கை அம்புட்டு மோசமாவா போச்சு, சார்?”

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது. வாயைத் திறந்தேன்... அதற்குள் பாக்கியம் குறுக்கிட்டார்.

“சும்மா இருங்க. சாரு உங்க ஒடம்பை நெனச்சுத்தான வேண்டாங்காரு. கூடப் பொறந்தவுகளுக்குக்கூட இந்த நெனப்பு வராது.”

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்! செல்வராசுவின் முகம் தெளிந்தது. தோட்டத்துக்குள் போய் ஒரு வாழைத்தாரை வெட்டிக்கொண்டு வந்தார். பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. தாரைக் கீழே வைத்து, சற்று நின்று, பிறகு தாமே தூக்கி ஜீப்பில் ஏற்றினார்.

விடைபெற்றுக்கொண்டு மலையேறினேன். நல்ல வெயில். சாலையில் கூட்டமில்லை. வண்டி அருமையாக இழுத்தது. பெருமாள்மலையைத் தாண்டும்போதுதான் கவனித்தேன்... நான் பாடிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினேன். இரண்டு வளைவுகள் தாண்டியதும், வாய் தானாகவே மறுபடியும் தொடங்கிவிட்டது.